ம்ஹூம்

என் வேலை காது.
பதினேழு வருடமாக துலூத் நகர நீதிமன்றத்தில்
வாயிலிருந்து விழுவதை விழுந்தபடியே தட்டச்சு செய்கிறேன்.
இருமலை எழுதமாட்டேன்.
தலையாட்டலை எழுத முடியாது.
யார் தலையாட்டினாலும் நீதிபதி டோர்விக் சொல்வார்:
"பதிவுக்காக. வாய் திறந்து."

அன்றைய வழக்கு ஓர் எழுத்தைப் பற்றியது.

பிப்ரவரி. இரவு பதினொன்று நாற்பது.
ஏரி உறைந்து மூன்று வாரம்.
இரும்புத்தாதுக் கப்பல்களில் சுமை ஏற்றும் வெண்டல் காங்கஸ்
கம்பளிக் காலுறையோடு வந்து கதவைத் திறக்கிறார்.
வாசலில் இரண்டு சீருடை.
வாரண்ட் இல்லை.
"கொஞ்சம் உள்ளே வந்து பார்க்கலாமா?"
வெண்டல் என்னவோ சொல்கிறார்.
அரை அடி பின்னால் போகிறார்.
அவ்வளவுதான்.

"ம்ம் என்றார்" — அதிகாரி பிராண்ட்வால்ட், சாட்சிக் கூண்டில்.
"ம்ம் என்று சொல்லி வழிவிட்டார்."

"ம்ஹூம் என்றேன்" — வெண்டல்.
"காற்று அடித்தது, பின்னால் போனேன்.
நாய்கூடப் போகும்."

வக்கீல் இமெல்டா ஸ்ட்ரௌட்
அதிகாரியின் மார்புக் கேமராப் பதிவைப் போட்டார், மூன்று முறை.
முதலில், பனியை நொறுக்கும் பூட்ஸ், காற்று, ம்.
பிறகு, காற்று, ம், காற்று.
மூன்றாம் முறை அறையில் யாரும் மூச்சுவிடவில்லை.
ம்,
அதன்பின் ஒரு ஹூ,
தொண்டையா ஏரியா என்று சொல்ல முடியாத ஹூ,
அதன்பின் ம்.

"அது காற்று" என்று எழுந்தார் அரசு வழக்கறிஞர்.
"இருக்கலாம்" என்றார் இமெல்டா, உட்கார்ந்தபடியே.
"காற்றுதான் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்."

என் விரல்கள் விசைமேல் நின்றன.
ம்ம் என்று அடித்தால் ஒரு மனிதனின் ஐந்து வருடம்.
எனக்குக் கருத்து இருக்கக் கூடாது.
(ஒலி தெளிவில்லை) என்று அடித்தேன்.
அடைப்புக்குறி, என் தொழிலின் சால்ஜாப்பு.

மௌனம் சம்மதம் என்பார்கள்.
கல்யாணக் கூடத்தில்
ஒரு பெண்ணின் குனிந்த தலையைப் பார்த்துச் சொன்னது அது.
அதையும் யாரும் திரும்பப் போட்டுக் கேட்டதில்லை.

துப்பாக்கி இருந்தது.
இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.
சமையலறை உறைபெட்டியில், பதினெட்டு மீன்களுக்கு அடியில்,
எண் சுரண்டியது, ரொட்டிப் பையில் சுற்றியது.
சான்று ஏழு.
யாருடையது என்று வெண்டல் சொல்லவில்லை.
அவர் மனைவி அழுதார், நான் எழுதவில்லை.

பிராண்ட்வால்ட் பொய் சொன்னதாக எனக்குப் படவில்லை.
சின்னப் பையன். குளிரில் நின்றிருந்தான்.
உள்ளே வெளிச்சமும் கணப்பும் இருந்தன.
அவன் காதில் விழவேண்டியது விழுந்திருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உத்தரவு:
"என்ன கிடைத்தது என்பதல்ல, எப்படி உள்ளே போனீர்கள் என்பதுதான் கேள்வி.
சரியாகக் கேட்கவில்லை என்றால்
மறுபடி கேட்டிருக்கலாம்.
அதற்கு நான்கு நொடி ஆகும்."

இரண்டுக்கும் ஒரே சொல்தான்:
காதால் கேட்பது, வாயால் கேட்பது.
இரண்டில் எதையும் அந்த இரவு செய்யவில்லை.

சான்று ஏழு நீக்கப்பட்டது.
அரசு வழக்கறிஞர் பேனாவை மூடினார்.
எங்கோ ஓர் இளைஞன் இனி நிம்மதியாகத் தூங்குவான்,
அது நல்லதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

"உத்தரவு புரிந்ததா, திரு. காங்கஸ்?"
அவர் தலையாட்டினார்.
"பதிவுக்காக. வாய் திறந்து."

வெகுநேரம் அவர் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"போகும்போது உறைபெட்டியை மூடிவிட்டுப் போயிருக்கலாம்.
எல்லாம் நாறிப்போச்சு.
பதினெட்டு மீன்."

வழக்குக்குச் சம்பந்தமில்லாதது.
ஓர் எழுத்து விடாமல் அடித்தேன்.